விடை தெரிந்த ரத்தக்குழாய்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பது என் வேலை; ஒலியலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை அது. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஆயாக்களும் தாத்தாக்களும் வருவார்கள். கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கழுத்தை வெட்டணுமாப்பா?" என்று படுக்கையிலிருந்தே கேட்பார்கள்.

குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். அங்கே உச்ச வேகம் விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால், அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்று கொள்வது 2003-இல் அமெரிக்க நிபுணர் குழு வெளியிட்ட அளவுகோல். ஆபரேஷன் பேச்சு பெரும்பாலும் அந்த எண்ணில்தான் தொடங்கும்.

ஆனால் மெஷின் வேகத்தை நேராக அளப்பதில்லை. எதிரொலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து, ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே என்று நாம் திரையில் வைக்கும் கோணத்தின் கொசைனால் வகுக்கிறது. ஓட்டம் 60 டிகிரியில் இருக்க, நாம் 65 என்று வைத்தால் 200 என்பது 237 ஆகிவிடும். 30 டிகிரியில் இதே பிசகு 6 சதவீதம்கூட வராது.

நோயாளியின் கழுத்துக்குள் உண்மையான வேகம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் சிமுலேஷன், அதாவது கணினியில் செய்யும் மாதிரி, கைகொடுக்கிறது. எம்ஆர்ஐ படத்திலிருந்து தமனியின் வடிவத்தை எடுத்து, திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளால் ஒரு இதயத்துடிப்பு நேரத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். சிவப்பணுக்களுக்குப் பதிலாகப் புள்ளிகளை அதில் மிதக்கவிட்டு, டென்மார்க்கில் ஜென்சன் உருவாக்கிய, அல்ட்ராசவுண்டைக் கணினியில் போலச்செய்யும் ஃபீல்ட் 2 நிரலால் எதிரொலியை உண்டாக்குகிறோம். அப்புறம் வழக்கமான டாப்ளர் கணக்கு. வரும் எண்ணை உண்மையோடு ஒப்பிடலாம்; ஒவ்வொரு புள்ளியின் வேகமும் நம்மிடம் இருக்கிறது.

தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது அசந்துபோனேன். வேகமான ஓட்டம் இரு கிளைகளுக்கும் நடுப்பக்கமுள்ள உள்சுவரை ஒட்டிப் போகிறது, வெளிச்சுவர் ஓரம் ரத்தம் பின்னோக்கிச் சுழல்கிறது. கோணம் வைக்கச் சுவருக்கு இணையாகக் கோடு போட்டால் போதும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்த இடத்தில் அது போதவே போதாது. இன்னொன்றும் தெரிந்தது: கழுத்தில் வைக்கும் ஒலிக்கருவியான புரோபின் அகலத்தால் எதிரொலி பல கோணங்களில் வந்து சேர்கிறது, அதனாலேயே உச்ச வேகம் கூடுதலாகத் தெரியும். கோணம் பெரிதாகப் பெரிதாக இதுவும் பெரிதாகும்.

எங்கள் மாதிரியில் சுவர் விறைப்பானது, உயிருள்ள தமனி அப்படியில்லை. அந்தக் குறை இருந்தாலும், புது மெஷினுக்குக் காத்திருக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் இளம் டெக்னீஷியன்களுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்பேன். இப்போது என் ரிப்போர்ட்டில் வேகத்துக்குப் பக்கத்திலேயே கோணத்தையும் எழுதுகிறேன். எண் 230-ஐ ஒட்டி விழுந்தால், ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவும் எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கிறேன்.