அட்மின் என்றால் யார்?

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். நான் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலையில், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை இரவு 11.40-க்கு எடைமேடைக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, அப்டேட்டில் போய் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். எடைச்சீட்டு இல்லாமல் காயை இறக்க முடியாது. ஒரு வண்டியும் நகரவில்லை.

காலையில் நான் போவதற்குள் பழி விழுந்திருந்தது, சேர்ந்து இரண்டு மாதமே ஆன பர்கூர்ப் பையன் தலையில்.

முதலில் எடைமேடைக் கணினியில், விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கரண்ட் போய் அணைந்திருந்தால் 41, 6008 என்ற எண்கள் பதிவாகியிருக்கும். அங்கே இருந்தது 1074. அப்படியென்றால் ஏதோ ஓர் ஆணையின் பேரில்தான் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆணை யாருடையது என்று பார்த்தால், 'சிஸ்டம்' என்று இருந்தது. எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மேலாண்மை மென்பொருள் எங்கள் சர்வரில் இருந்தது. அதன் ஆணைகளை வாங்கிச் செய்யும் ஏஜென்ட் என்ற சின்ன நிரல், ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில்தான் ஓடும். அங்கிருந்து யார் ஆணை அனுப்பினாலும் இங்கே இதே பெயர்தான் விழும். ஆளைத் தேட வேண்டிய இடம் சர்வர்.

கணினிகளுக்குக் கொடுத்த வேலைகளைக் காட்டும் சர்வரின் டாஸ்க் பட்டியலில் அந்த வரி கிடைத்தது. தொடங்கியவர்: அட்மின். நேரம்: 18:10.

"ஆறு மணிக்கு சர்வர் ரூம்ல இவன்தானே இருந்தான்?" என்றார் மேனேஜர். "பிரிண்டர் மட்டும்தான் சார் பார்த்தேன்" என்றான் பையன். குரல் அடைத்துவிட்டது. அட்மின் என்பது ஒரே பொதுக் கணக்கு; அதன் பாஸ்வேர்டு கணினிகளைப் பார்த்துக்கொண்ட எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் எல்லார் கண்ணும் அவன் மேல்தான் இருந்தது.

எனக்கு அந்த 18:10 இடித்துக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குக் கொடுத்த ஆணை, எப்போதும் ஆனில் இருக்கும் கணினிக்குப் போய்ச் சேர ஐந்தரை மணி நேரமா? ஐந்தரை என்று மனசுக்குள் சொன்னதும் பிடிபட்டது. சர்வர் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் எழுதுகிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 23:40. அந்த நேரத்தில் பையன் பர்கூரில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சரி, அப்போது பட்டனை அழுத்தியது யார்? ஒருவரும் இல்லை. அது முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த ஷெட்யூலில் தானாக ஓடிய டாஸ்க். அப்படி ஓடும்போது, ஷெட்யூலைப் போட்டவரின் கணக்கையே தொடங்கியவராக அந்த மென்பொருள் காட்டுகிறது. ஷெட்யூல் உருவான தேதியைப் பார்த்தேன்: பிப்ரவரி. பக்கத்தில் இருந்த ஐபி முகவரி என் மேசைக் கணினியுடையது.

போட்டவன் நான்தான். பிப்ரவரியில் ஆலை ராத்திரி பூட்டியே கிடக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எல்லாக் கணினிக்கும் அப்டேட், அப்புறம் ரீஸ்டார்ட் என்று போட்டுவைத்தேன். சீசனை நினைக்கவே இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். காலையில் அவனைப் பேசிய எல்லாரும் இருக்கும்போதே பையனிடமும் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்றைக்கே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, நான்கு பேருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு போட்டேன். சர்வர் திரையில் இந்திய நேரம் தெரியும்படி வைத்தேன். எடைமேடைக் கணினியைத் தனிக் குழுவாகப் பிரித்தேன். அடுத்த மாதம் அதற்கு அப்டேட் போட வேண்டிய நாளில், வண்டி இல்லாத நேரமாக எடைமேடை அண்ணனிடம் கேட்டுக்கொண்டு வந்து, பையனே தன் கணக்கில் அந்த டாஸ்க்கை ஓட்டினான். தொடங்கியவர் என்ற இடத்தில் அவன் பெயர் வந்தது.