எமனுக்கு முதல் கும்பிடு

எமனை எட்டி உதைத்த சிவன் திருக்கடையூரில் இருக்கிறார். எமனையே வாகனமாக ஏற்றுக்கொண்ட சிவன் ஸ்ரீவாஞ்சியத்தில் இருக்கிறார். இரண்டுமே காவிரிப் படுகை ஊர்கள்; ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் போகிறவர்களின் வேண்டுதல் வேறு. 60க்குச் சஷ்டியப்தபூர்த்தி, 80க்குச் சதாபிஷேகம் என்று ஆயுளைக் கேட்டுத் திருக்கடையூர் போவார்கள். ஸ்ரீவாஞ்சியத்தில் பலர் கேட்பது நல்ல சாவு.

இனி மருந்துக்கு வேலையில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் அத்தை விஷயத்தில் மருத்துவர்கள் கைவிரித்ததும் அவர் மகன் திருக்கடையூரில் ஆயுஷ் ஹோமத்துக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினான். அத்தை விடவில்லை.

"ஒதச்சு வெரட்டுனா அவரு திரும்பி வராமயா இருக்கப் போறாரு? நேரா அவரையே போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்டா."

நன்னிலத்துக்கும் குடவாசலுக்கும் இடையே, வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய திருவாஞ்சியம் இதுதான். உள்ளே குப்த கங்கை என்கிற குளம். பாவம் கரைக்க வருகிறவர்களின் பாவமெல்லாம் தன்மேல் சேர்ந்துவிட்டதே என்று கங்கையே இங்கு வந்து ஒளிந்துகொண்டாளாம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் நீராடக் கூட்டம் வரும். அத்தையால் படி இறங்க முடியவில்லை. ஒரு செம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்தோம்.

அக்னி மூலையில் எமனுக்குத் தனிச் சன்னதி, பக்கத்தில் சித்ரகுப்தர். முதலில் எமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடமும் மங்களாம்பிகையிடமும் போக வேண்டும். உயிரெடுக்கும் வேலையால் எல்லோரும் தன்னைத் தூற்றுகிறார்களே, அந்தப் பாவமும் தனக்குத்தானே என்று நொந்து எமன் இங்கே தவம் கிடந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அவரவர் வேலையில் அவரவர்க்கு ஒரு சலிப்பு. மாசித் திருவிழாவில் சுவாமி எம வாகனத்தில் புறப்படுவார். ஊரில் ஒரு சாவு விழுந்தால் மற்ற கோயில்களில் நடை சாத்துவார்கள், பிணம் எடுத்த பிறகுதான் பூஜை. இங்கே அந்த வழக்கமே கிடையாது.

குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். வழக்கம்போல நீண்ட ஆயுளுக்குச் சங்கல்பம் செய்யத் தொடங்கியதும் அத்தை குறுக்கிட்டார்.

"ஆயுசு வேணாம் சாமி. கிடையில விழாம போய்ச் சேரணும். அதுக்குச் சொல்லுங்க."

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "சரிம்மா" என்று மந்திரத்தைத் தொடர்ந்தார். இந்தக் கோரிக்கை அவருக்குப் பழக்கம்தான் போல.

எனக்கு எமன் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. எனக்கென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. திரும்பும்போது காரில் கேட்டேவிட்டேன்: "போன பிறகு என்ன இருக்கும்னு நெனைக்கிறீங்க அத்தை? கைலாசமா, இன்னொரு பிறவியா?"

"அதெல்லாம் எனக்கு யாருடா வந்து சொன்னா? எங்க போட்டாலும் அவரு கூட இருப்பாரு. அது தெரியும்."

மறுமை என்றால் சொர்க்கம், நரகம் என்று படம் போட்டுக் காட்டுவதுதான் நம்பிக்கை என்று நான் நினைத்திருந்தேன். அப்பர்கூட அப்படி எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. புழுவாய்ப் பிறந்தாலும் உன் அடி என் மனதை விட்டு நழுவாதிருக்க வேண்டும் என்றுதான் திருப்பாதிரிப்புலியூரில் பாடினார். புழுவாகப் பிறக்கவும் தயார் என்கிற ஆளை எமன் எதைக் காட்டிப் பயமுறுத்துவார்? அத்தை தேவாரத்தை முறையாக ஓதியவர் அல்ல. விளக்கேற்றும்போது ஏதோ இரண்டு பாட்டு முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

கேட்டபடி நடக்கவில்லை. பங்குனியில் கிடையில் விழுந்தார். முதுகில் புண் வந்தது, இரவில் முனகல். அவர் மகனுக்குக் கோபம். "அந்தக் கோயிலுக்குப் போயி என்னம்மா ஆச்சு? இன்னும் இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கியே" என்று அழுதான்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "கெளம்பிட்டாருடா. எருமையில வர்றாருல்ல, மெதுவாத்தான் வருவாரு" என்றார்.