கத்தரிக்காய்க்கு எத்தனை பெயர்

மொழி ஆங்கிலம்தான் என்றாலும், கத்தரிக்காயை லண்டன் கடையில் 'ஆபர்ஜீன்' என்றும் நியூயார்க் கடையில் 'எக்பிளான்ட்' என்றும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முட்டையைப் போல வெள்ளையாகவும் சிறிதாகவும் காய்த்த வகையைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய 'எக்பிளான்ட்' என்ற பெயரை அமெரிக்கர்கள் இன்றுவரை விடாமல் வைத்திருக்க, பிரிட்டனில் பிரெஞ்சுச் சொல்லே நிலைத்துவிட்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல் கத்தலான், அரபு, பாரசீகம் வழியாக வடமொழிவரை பின்னோக்கிப் போகிறது. அதற்கும் முன்னால் திராவிட மூலம் இருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்கள் நம்முடைய 'வழுதுணங்காய்' என்ற பழைய பெயரைச் சுட்டுகிறார்கள். நாம் பள்ளியில் படித்த 'பிரிஞ்சால்' என்பதும் அதே அரபுச் சொல் போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி வந்ததுதான் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கொத்தமல்லிக்கு பிரிட்டனில் தழையானாலும் விதையானாலும் 'கொரியாண்டர்' என்ற ஒரே பெயர்தான். அமெரிக்காவிலோ அது விதைக்கு மட்டும் உரியது, தழைக்கு மெக்சிகோ சமையலோடு பரவிய ஸ்பானியச் சொல்லான 'சிலாந்த்ரோ' வழங்குகிறது.

பிரிட்டனில் 'சிப்ஸ்' கேட்டால் விரல் பருமனில் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கைச் சூடாகக் கொடுப்பார்கள். நாம் சிப்ஸ் என்று கொறிப்பதற்கு அங்கே 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிரிட்டனை விடாமல் பின்பற்றும் நாம், இதில் மட்டும் எப்படியோ அமெரிக்கர் பக்கம் நிற்கிறோம்.