மே மாதமும் ஒரு முன்கள வீரரும்

5 ஜனவரி 2015, திங்கள் இரவு

கிங்ஸ்மெடோவிலிருந்து இப்போதுதான் வீடு வந்தேன். விரல்கள் இன்னும் விறைத்தபடி இருக்கின்றன. இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பைக் கால்பந்தில் லிவர்பூல், நம் விம்பிள்டன் கிளப்பின் மைதானத்துக்கு வந்து 2-1 என்று ஜெயித்துப் போனது. லிவர்பூலின் இரண்டு கோலும் அவர்கள் கேப்டன் ஜெரார்டு. நடுவே ஒரு கார்னர், கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு, நம் முன்கள வீரர் அடெபாயோ அகின்ஃபென்வா பந்தை உள்ளே தள்ளிவிட்டார். அவரே லிவர்பூல் ரசிகர்! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் அவர் எடையைத்தான் பேசுகிறார்கள். நூறு கிலோவுக்கு மேல், வீடியோ கேமில் பெரிய பலசாலி. சரி, இருக்கட்டும். உயரத்தில் வரும் பந்தை, முதுகில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்கி, ஓடி வருகிறவருக்குத் தட்டிவிடுவாரே, அதை யார் பேசுகிறார்கள்? வெறும் பலம் மட்டும் இருந்தால் பந்து நெஞ்சில் பட்டு எங்கோ தெறித்துப் போகும்.

12 மார்ச் 2016

அவர் ஆடிய கிளப்புகளை இன்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். லண்டன் பையன், 1982-ல் பிறந்தவர். பதின்ம வயது முடியுமுன்பே லித்துவேனியாவின் அட்லாண்டாஸ் கிளப். அங்கே நிறவெறிக் கூச்சல். அதைக் கேட்டபடியே நின்று ஆடியிருக்கிறார். திரும்பி வந்ததும் 2003-04 என்ற ஒரே சீசனில் ஐந்து கிளப்: வேல்ஸில் பாரி டவுன், பிறகு பாஸ்டன், லேட்டன் ஓரியண்ட், ரஷ்டன், டான்காஸ்டர். இருபத்தொரு வயதில் எத்தனை முறைதான் பெட்டியைக் கட்டுவது? அப்புறம் டார்க்கீ, ஸ்வான்சி, மில்வால். நார்தாம்டனுக்கு இரண்டு முறை, கில்லிங்ஹாமுக்கும் இரண்டு முறை. வேலை தெரிந்தவரைத்தானே திரும்பக் கூப்பிடுவார்கள்.

கீழ் டிவிஷன்களில் பலருக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். மே வந்தால் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். என் அலுவலக ஒப்பந்தமும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான். அதனால்தானோ என்னவோ, இந்த மனிதரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

30 மே 2016

வெம்ப்லி! பிளிமத்தை 2-0 என்று வென்று மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னுக்கு ஏறிவிட்டோம். தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அடித்தது அகின்ஃபென்வா. குரல் போய்விட்டது எனக்கு.

ஆட்டம் முடிந்ததும் டிவியில் பேசினார். தனக்கு இப்போது வேலை இல்லை, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. வயது 34, சற்று முன்தான் வெம்ப்லியில் கோல் அடித்திருக்கிறார், கையில் வேலை இல்லை.

10 ஜூலை 2016

வைகோம்ப் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. மேனேஜர் கேரத் எய்ன்ஸ்வொர்த். அப்பாடா.

13 ஜூலை 2020

கொரோனாவால் வெம்ப்லி காலி. வீட்டில் டிவி முன்னால் நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். வைகோம்ப் 2, ஆக்ஸ்ஃபோர்டு 1. அந்தக் கிளப் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்குப் போகிறது. 38 வயதில் அகின்ஃபென்வாவும் போகிறார். இந்த முறை வாட்ஸ்அப்பில் லிவர்பூல் மேனேஜர் க்ளோப் மட்டும் கூப்பிடலாம், சேர்ந்து கொண்டாடலாம் என்றார்.

16 ஜூலை 2020

க்ளோப் நிஜமாகவே வீடியோ அனுப்பிவிட்டார். நாலு தடவை பார்த்தேன்.

21 மே 2022

மறுபடி வெம்ப்லி, அகின்ஃபென்வாவின் கடைசி ஆட்டம். சண்டர்லேண்டிடம் 0-2. மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், எழுந்து நின்று கைதட்டினேன். நாற்பது வயது, 200-க்கு மேல் கோல்கள். உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. என் புதுப்பிப்புக் கடிதமும் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.