ஈத்தன் ஹண்ட்டும் ஒரு கணுக்காலும்

ஜூன் 9, 2025, திங்கள்

தூக்கம் வராததால் ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ படத்தில் அந்த ஒரு தாவலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குள் புகுந்து, கூரைகளின் மேல் ஏறி, ஹென்றி கேவில் நடித்த துரோகியைத் துரத்தும் உளவாளி ஈத்தன் ஹண்ட் (டாம் குரூஸ்), ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்குத் தாவுகிறான்; விளிம்புச் சுவரில் மோதுகிறான்; கையூன்றி மேலேறி, ஒரு காலை இழுத்தபடி கேமராவைக் கடந்து போகிறான். 2017 ஆகஸ்டில் எடுத்த காட்சி இது. சரியாகத் தாவி நின்றுவிடக் கூடாது, சுவரில் மோதித் தொற்றி ஏற வேண்டும் என்பதுதான் திட்டமே. அப்படி மோதியபோதுதான் டாம் குரூஸின் பாதம் சுவரில் பட்டு மடங்கிக் கணுக்கால் முறிந்தது. முறிந்துவிட்டது என்பது அந்தக் கணமே தெரிந்ததாகவும், மறுபடி அதே தாவலைச் செய்ய விருப்பமில்லாததால் எழுந்து காட்சியை முடித்துவிட்டதாகவும் அவர் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். படத்தில் நாம் பார்ப்பது அதே பதிவுதான்.

என் கால் முறிந்தபோது என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பார்க்க வந்த பெரியப்பா, விமானத்தின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தவனைத் திரையில் கண்டுவிட்டு, “இவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதோ?” என்று கேட்டார், அவர் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை எரிச்சல்படுத்திக்கொண்டே இருந்தது.

ஜூன் 14, சனி

பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். ஈத்தன் ஹண்ட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது தவறு. எனக்குத் தெரிந்து அவன் மூன்று முறை செத்திருக்கிறான். 2006இல் வந்த மூன்றாம் படத்தில், தலைக்குள் செலுத்தப்பட்ட வெடியைச் செயலிழக்கச் செய்வதற்காகத் தன் உடம்பிலேயே மின்சாரம் பாயவிட்டு மூச்சடங்கிப் போகிறான். மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனைவி ஜூலியா நெஞ்சை அழுத்தி அழுத்தி அவனை மீட்கிறாள். 2015இல் வந்த ‘ரோக் நேஷன்’ படத்தில் மொராக்கோவில் நீர் நிரம்பிய அறைக்குள் மூச்சு முட்டி இறக்கிறான். உளவாளி இல்சா மின்னதிர்வுக் கருவியை வைத்து எழுப்புகிறாள். கடந்த மாதம் திரையரங்கில், இரண்டு காலும் நன்றாக இருந்தபோது பார்த்த எட்டாம் படத்தில், மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வெறும் உடம்போடு நீந்தி வந்து பனிப்பாளத்தின் அடியில் அடங்கிப் போகிறான், அப்போது மீட்பவள் அவன் குழுவிலுள்ள கிரேஸ். ஒவ்வொரு முறையும் ஒரு பெண்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறாள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாம் சாவுக்குப் பின் வருவது. உயிர் வந்த கையோடு, சுதாரிப்பதற்குள், வழக்கமான மிடுக்கோடு காரின் பானெட் மேல் சறுக்கி மறுபக்கம் இறங்க முயல்கிறான். கால் ஒத்துழைக்காமல் பொத்தென்று விழுகிறான். அரங்கமே சிரிக்கும் இடம் அது. செத்துப் பிழைத்தவன் அப்படித்தான் விழுவான் என்று அந்தப் படத்தை எடுத்த கிறிஸ்டோபர் மெக்குவாரிக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

வலி குறைவு. 1996இல் வந்த முதல் படத்தைப் பார்த்தேன். சிஐஏ பெட்டக அறையில் கம்பியில் தலைகீழாக இறங்கும் காட்சியில் இசையே இல்லை என்பதை மறந்தே போயிருந்தேன். தரையை ஒட்டிக் கிடைமட்டமாக நிற்க முயன்ற ஒவ்வொரு முறையும் தலைப்பக்கம் தாழ்ந்து முகம் தரையில் இடித்ததால், குரூஸ் காலணிக்குள் நாணயங்களைப் போட்டுக்கொண்டு எடையைச் சரிசெய்தாராம். பெரிய கருவிகளைப் பற்றிப் படிப்பதைவிட இந்தச் சில்லறைக் காசுகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்தக் காட்சி எனக்கு நிஜமாகிறது.

அக்கா மகன் வந்திருந்தான். நான்காம் படத்தின் துபாய் புர்ஜ் கலீஃபா காட்சியில் குரூஸ் கம்பி கட்டித்தான் தொங்கினார், கம்பியைப் பிறகு கணினியில் அழித்துவிட்டார்கள், அப்புறம் என்ன சாகசம் என்று வாதாடினான். கம்பி கட்டினார்கள் என்பது உண்மைதான். 828 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தில் கம்பி கட்டாமல் ஒரு மனிதரைத் தொங்கவிடுவது சாகசமல்ல, கொலை. கம்பி உயிரைத்தான் காக்கும். கண்ணாடியில் போய் மோதும் தோளை அது காக்காது, கீழே தெரியும் தெருவையும் அது மறைக்காது. அந்தப் படத்தில் ஒட்டுக் கையுறைகளில் ஒன்று பாதியில் செத்துப்போவதும், கயிறு நீளம் போதாமல் ஈத்தன் விழிப்பதும் தற்செயலாக எழுதப்பட்டவை அல்ல. அவனுடைய கருவிகள் எப்போதும் பழுதாகின்றன, திட்டங்கள் பாதியில் அறுந்துபோகின்றன, ஆளுக்கு மூச்சு வாங்குகிறது. வெல்ல முடியாதவனாக அவனைக் காட்ட அந்தப் படங்கள் முயன்றதே இல்லை என்பதுதான் என் கட்சி. அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று குரூஸைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கால் முறிந்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் படப்பிடிப்பை நிறுத்திக் காத்திருக்க ஒரு பட்டாளமே அவருக்கு இருந்தது. அந்த அக்டோபரிலேயே திரும்பி வந்து, எலும்பு முழுதாகக் கூடும் முன்பே ஓடினார் என்று உலகம் வியந்தது. எனக்குச் சம்பளமில்லா விடுப்பு.

இதுவும் உறுத்துகிறது: ‘ஃபால்அவுட்’டில் 25,000 அடி உயரத்திலிருந்து குதிக்கும் காட்சிக்காக அவர் 106 முறை குதித்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கதைப்படி பாரிஸ், எடுத்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். பொழுது சாயும் நேரத்து வெளிச்சம் சில நிமிடங்களே நிற்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு முயற்சிதான். ஆனால் தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, விமானத்திலிருந்து அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே குதித்து, விழும்போதே அவர் முகத்தைக் குவியத்தில் வைத்திருந்தவர் கிரெய்க் ஓ’பிரையன். அந்தப் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அழியாத நாயகனை விழுந்துகொண்டே படமெடுத்தவரும் அழியாமல்தானே தரைக்கு வந்தார்!

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுதியதை அழிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

லாலோ ஷிஃப்ரின் நேற்று காலமானார், வயது 93. புவனஸ் ஐரிஸில் பிறந்து ஹாலிவுட்டுக்குப் போய், 1966இல் தொலைக்காட்சித் தொடராக ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடங்கியபோது அதன் முகப்பு இசையை அமைத்தவர். நாயகர்கள் மாறினார்கள், தொடரின் நல்லவரான ஜிம் ஃபெல்ப்ஸையே முதல் படத்தில் துரோகியாக்கினார்கள், அந்த மெட்டை மட்டும் யாரும் கைவிடவில்லை. ஐந்து அடி கொண்ட தாளம். அரையடிகளாக எண்ணினால், நம் கணக்கில் தகிட தகிட தக தக. நான்கடித் தாளத்துக்குப் பழகிய காது அடுத்த அடிக்காகக் காத்திருக்கும்போதே அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும், அதனால்தான் யாரோ துரத்துவதுபோல் இருக்கிறது.

வாக்கரை முன்னே வைத்து, அடிபட்ட காலைக் கொண்டுவந்து, பிறகு நல்ல காலை எடுத்து வைப்பது மூன்று எண்ணிக்கை. பிசியோதெரபிஸ்ட் எண்ணும்போது நான் மனதுக்குள் ஷிஃப்ரினை ஓடவிட்டேன். நிலைப்படியருகே தாளம் தப்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்டித்தார்.

ஜூன் 30, திங்கள்

வீக்கம். எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

குரூஸுக்கு இன்று 63 வயது. நார்வேயில் மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து, நடுவானில் வண்டியை விட்டுவிட்டுப் பாராசூட் விரித்தபோது 58. 2020 செப்டம்பரில், ஏழாம் படத்தின் முதன்மைப் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ஆபத்தானதைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள்: படம் தொடருமா தொடராதா என்பது முதல் நாளே தெரிந்துவிடட்டும் என்றார் அவர். அதாவது தான் உயிரோடு இல்லாமல் போகும் வாய்ப்பையும் படப்பிடிப்பு அட்டவணையில் ஒரு செலவாகக் கணக்கில் வைத்திருக்கிறார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர் இப்படிக் கணக்குப் போட மாட்டார். பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “பைத்தியக்காரன்,” என்றார். அவரையா என்னையா என்று கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நாளை எக்ஸ்ரே. பாதி எடையாவது ஊன்றலாம் என்று சொல்வார்கள் என அம்மா நம்புகிறாள். இரவு ‘ஃபால்அவுட்’டைக் கடைசி வரை ஓடவிட்டேன். அந்தத் தாவலுக்குப் பிறகும் துரத்தல் நிற்பதில்லை. கேவில் டேட் மாடர்ன் கலைக்கூடக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தப்பிவிடுகிறார். அத்தனை ஓட்டத்துக்கும் ஈத்தன் கோட்டைதான் விடுகிறான். கால் முறிந்த அந்த ஓட்டத்தின் முடிவு தோல்வி என்பது இத்தனை முறை பார்த்தும் இன்றுதான் உறைத்தது. அக்கா மகன் வந்தால் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.