விடியற்காலை மருந்தை விட்டுவிடாதீர்கள்

கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை என்றதும் எல்லோருக்கும் அந்தக் குழாயை நினைத்துத்தான் பயம். அப்பாவுக்கும் அப்படித்தான். மயக்க ஊசி போட்டபின் குழாய் போனதே அவருக்குத் தெரியவில்லை. பாடெல்லாம் அதற்கு முன்னால், வீட்டில்தான்.

சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம். கீரை, முருங்கைக்காய், கொய்யா, சுண்டல் எல்லாவற்றையும் சில நாள் முன்பே நிறுத்தி, குழைந்த சாதமும் இட்லியும் மோரும் கொடுத்தேன். கடுகுகூடத் தாளிக்கவில்லை, விதைகள் கருவியின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்ளுமாம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஆக்கும் என்பதால் அதை ஒரு வாரம் முன்பே டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். சர்க்கரை மாத்திரையின் அளவையும் அவரே மாற்றிக் கொடுத்தார். முந்தின நாள் முழுக்க இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத டீ.

அப்புறம் குடலைச் சுத்தம் செய்யும் அந்தப் பவுடர். பாலிஎத்திலீன் கிளைகாலும் உப்புகளும் கலந்தது. 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். குடல் அதை உறிஞ்சாது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு இறங்கும். பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலையிலும் குடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வரி இருந்தது. ஏன் என்று எழுதவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். காரணம் தெரியாததால், "எல்லாத்தையும் ராத்திரியே குடிச்சிட்டுத் தூங்கிடறேம்மா" என்றார் அப்பா.

நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இரவோடு முடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் மற்றதும் இறங்கி, பெருங்குடலின் வலது பக்கத்தில் பூசினாற்போலப் படிந்துவிடுமாம். தட்டையான பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும் சதைக் கட்டிகள்) கண்ணுக்குத் தப்புவதும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். இதைச் சொன்னதும் அப்பா மறுபேச்சு பேசவில்லை. பத்து மணிப் பரிசோதனைக்கு ஐந்து மணிக்கே எழுந்தார். ஃப்ரிட்ஜில் குளிரவைத்திருந்ததை டம்ளர் டம்ளராக, பதினைந்து நிமிட இடைவெளியில் கொடுத்தேன். குளிர்ந்திருந்தால் அந்த உப்புக் கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. ஏழு மணிக்கு முன்பே முடித்தாயிற்று. அதன்பின் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது.

எத்தனை முறை போனது என்பதை விட, எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். முதலில் கட்டி, அப்புறம் சேறு, அப்புறம் துணுக்குகளோடு கலங்கல். கடைசியில் சிறுநீர் மாதிரி மஞ்சளாய், தெளிவாய் வர வேண்டும். இன்னும் கலங்கலாகவே இருந்தால் மேஜையில் ஏறுவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ இருப்பவர்கள் எந்த மருந்து என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சோடியம் பாஸ்பேட் வகை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.