தெப்பக்குளத்துப் படியில்

"அம்மா, உங்க தழும்பு எங்கம்மா?" என்று மகள் கேட்டபோதுதான் படத்தை உற்றுப் பார்த்தேன்.

இன்று மாலை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் அமர்ந்து, மைய மண்டபம் பின்னால் தெரியும்படி இருவரும் எடுத்துக்கொண்ட படம் அது.

என் இடது புருவத்துக்கு மேலே, மிளகு ஒன்று பதிந்து எழுந்தது போல ஓர் அம்மைத் தழும்பு உண்டு. ஏழு வயதில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்த நாட்களின் மிச்சம். கைப்பேசி அதை வழித்தெடுத்துவிட்டு, கேளாமலே என் நிறத்தையும் வெளுப்பாக்கியிருந்தது.

முகத்தை மெழுகும் இந்த வசதி சில கைப்பேசிகளில் வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கிறது. கேமரா அமைப்புகளுக்குள் போய் அணைத்தால் நின்றுவிடும். முகத்துக்கு 30 சென்டிமீட்டர் அருகில் பிடித்து எடுக்கும் படத்தில், 1.5 மீட்டர் தள்ளி எடுத்ததைவிட மூக்கு அகலமாகத் தெரிவதும் தூரத்தின் கணக்கே தவிர முகத்தின் குறை அன்று. இது தெரியாமல் எத்தனையோ படங்களை அழித்திருக்கிறேன்.

கைப்பேசியை வெறுக்க எனக்குக் காரணமில்லை. வெளியூரில் இருக்கும் அம்மாவின் முகத்தை அதில்தான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் தாயின் முகத்தையே திருத்தப்பட வேண்டிய ஒன்றாகப் பார்த்துப் பழகும் பதினோரு வயதுப் பெண், நாளை கண்ணாடியில் தன் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பதே என்னை உறுத்தியது.

அந்த வசதியை அவள் கையாலேயே அணைக்கச் சொன்னேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, சற்றுத் தள்ளி நின்று எடுத்துத் தரும்படி கேட்டுக்கொண்டோம்.

படம் கைக்கு வந்ததும், அவள் முதலில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தது என் புருவத்தைத்தான்.